காந்தி ரோடு லாட்ஜ்களுக்காகச் சட்டமும் ஆய்வும் தேடிய பதிவு

வேலூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். ஹோட்டல் மேலாண்மை இறுதியாண்டு மாணவி ஒருவர் தன் ஆய்வறிக்கைக்காக என்னோடு உட்கார்ந்து தேடியதை, தேடிய வரிசையிலேயே இங்கே எழுதி வைக்கிறேன். எந்தச் சொல்லைப் போட்டோம், எது குப்பையைக் கொட்டியது, எந்தக் கதவு காசில்லாமல் திறந்தது என்பதெல்லாம் அடுத்து இதே வேலையில் இறங்குபவருக்குப் பயன்படும். விருந்தோம்பல் துறையில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சமையலும் அறைப் பராமரிப்பும் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு தீர்ப்பை எங்கே தேடுவது, அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று எப்படிப் பார்ப்பது, ஆய்வுக் கட்டுரையை எப்படிக் கைக்குக் கொண்டுவருவது என்று சொல்லித்தருவோர் குறைவு. அது என்னை நெடுநாளாக உறுத்தும் விஷயம்.

அவர் கொண்டுவந்த தலைப்பு, ‘மருத்துவச் சுற்றுலாவும் வேலூர் லாட்ஜ்களும்’. ஊருக்குப் பொருத்தமான தலைப்புதான். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்றைய சி.எம்.சி.யாக வளர்ந்தபோது, அதைச் சுற்றிக் காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் ஒரு லாட்ஜ் நகரமே எழுந்துவிட்டது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்குபவர்கள் வாரக்கணக்கில் இங்கே தங்குகிறார்கள். கடைப் பலகைகளில் வங்காள எழுத்து, அறையிலேயே சமைக்க அடுப்பு, நோயாளியோடு துணைக்கு வந்த அண்ணன், தம்பி, மாமியார். சுற்றுலாப் பாடநூலில் வரும் விருந்தினர் இவர்கள் இல்லை.

ஆனால் அந்தத் தலைப்பை அப்படியே தேடல் பெட்டியில் போட்டால் கடல்போல் விரியும். ‘உன்னிடம் கேள்வி என்ன இருக்கிறது?’ என்று கேட்டேன். அவருடைய மாமா அங்கே ஒரு லாட்ஜில் மேலாளர். தங்கியிருந்த ஒருவர் சாவியைக் கவுன்டரில் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்; திரும்பி வந்தபோது அறையிலிருந்த பை இல்லை. சுவரில் ‘உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற பலகை தொங்குகிறது. ‘அந்தப் பலகை செல்லுமா, மேடம்? மாமா அதைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்’ என்றார்.

தேடலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. பக்கத்திலேயே இன்னும் இரண்டு கேள்விகள் எழுந்தன. மூன்று மாதம் ஒரே அறையில் தங்குபவர் விருந்தினரா, குடித்தனக்காரரா? அவரிடம் வாங்கும் பில்லில் எதையெல்லாம் சேர்க்கலாம்? இந்த மூன்றும் சட்டக் கேள்விகள். நோயாளியோடு துணைக்கு வரும் துணைவர்களுக்கான தங்குமிடம் பற்றி உலகில் என்ன ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது நான்காவது. அது ஆய்விதழ்களுக்கான கேள்வி. இரண்டு வகைக்கும் தரவுத்தளம் வேறு, தேடும் முறையும் வேறு. ஒரே சொற்களை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஓடினால் இரண்டிலும் வெறுங்கைதான்.

சட்டப் பக்கம்

மாணவி முதலில் இந்தியன் கானூன் தளத்தைத் திறந்தார். 2008 முதல் இலவசமாக நடக்கும் தளம். உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள், பல தீர்ப்பாயங்கள் எல்லாம் அதில் உண்டு. ‘லாட்ஜ்’, ‘திருட்டு’, ‘பொறுப்பு’ என்ற மூன்று ஆங்கிலச் சொற்களைப் போட்டார். (தேடல் சொற்களை ஆங்கிலத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும், இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்.) வந்தவற்றில் பெரும்பாலானவை குற்றவியல் வழக்குகள். காரணம், நீதிமன்ற ஆங்கிலத்தில் புகார் ‘லாட்ஜ்’ செய்யப்படுகிறது, முதல் தகவல் அறிக்கையும் ‘லாட்ஜ்’ செய்யப்படுகிறது. நாட்டில் எழுதப்படும் தீர்ப்புகளில் பெரும்பகுதி அந்த வினைச்சொல்லைக் கொண்டிருக்கும். மிச்சமிருந்தவை, குற்றம் நடந்த இடமாக ஏதோ ஒரு லாட்ஜ் வரும் கொலை வழக்குகள்.

இந்தத் துறையில் சட்டம் தேடுகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது: நம் ஊர்ச் சொல்லை வைத்துத் தேடாதீர்கள், சட்டத்தின் பிரிவை வைத்துத் தேடுங்கள். ஒருவர் பொருளை இன்னொருவர் வசம் ஒப்படைத்தால் அதை எப்படிக் காக்க வேண்டும் என்பதை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. 148-ஆம் பிரிவு அந்த ஒப்படைப்பை, அதாவது பெய்ல்மென்ட்டை, வரையறுக்கிறது. சாதாரண அறிவுள்ள மனிதர் தன் சொந்தப் பொருளுக்கு எவ்வளவு கவனம் எடுப்பாரோ அவ்வளவு எடுக்க வேண்டும் என்பது 151. இந்தியா கோட் என்ற அரசுத் தளத்தில் அந்தப் பிரிவுகளை எடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். பிறகு ‘ஹோட்டல்’, ‘பெய்லி’ (அப்படிப் பொருளைப் பெற்றுக்கொள்பவர்), ‘பிரிவு 151’ ஆகிய மூன்றையும் சேர்த்துத் தேடினோம். இந்தியன் கானூனில் இணைப்புச் சொற்களான ஆண்ட், ஆர், நாட் மூன்றையும் கடைசி எழுத்தை இரட்டித்துத் தட்டச்சு செய்ய வேண்டும். இல்லையென்றால் அவற்றைக் கட்டளையாக அது எடுத்துக்கொள்ளாது. சேர்ந்தே வர வேண்டிய சொற்களை இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும். இந்த இரண்டு பழக்கங்களும் வந்துவிட்டால் குப்பையில் முக்கால்வாசி போய்விடும்.

அப்படித் தேடியதில் வந்து நின்றது தாஜ் மகால் ஹோட்டல் எதிர் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் வழக்கு. உச்ச நீதிமன்றம், 2019 நவம்பர் 14. 1998-இல் டெல்லி ஹோட்டலுக்கு வந்த ஒருவர் தன் மாருதி ஜென் காரையும் சாவியையும் நிறுத்தித்தரச் சொல்லி ஊழியரிடம் கொடுக்கிறார், கார் திருடுபோகிறது. இழப்பீடு கொடுத்த காப்பீட்டு நிறுவனம் ஹோட்டலிடம் கேட்கிறது. ‘உரிமையாளரின் பொறுப்பில்’ என்று டோக்கனில் அச்சிட்டிருக்கிறோமே என்பது ஹோட்டலின் வாதம். மாணவி அந்த வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாமாவின் பலகையும் அதே வாதம்தானே!

இந்தத் தீர்ப்பை முழுதாகப் படிக்க வைத்தேன். தீர்ப்பின் தலையில் சேர்க்கப்படும் சுருக்கமான தலைக்குறிப்பை மட்டும் படித்தால் ‘ஹோட்டலே பொறுப்பு’ என்று ஒரு வரியில் முடித்துவிடத் தோன்றும். நீதிமன்றம் சொன்னது அதைவிட நுணுக்கமானது. விடுதி எல்லைக்குள் வந்த விருந்தினர் பொருளுக்கு விடுதிக்காரரே காப்பீட்டாளர்போல் முழுப் பொறுப்பு என்ற பழைய ஆங்கிலக் கோட்பாடு ஒன்று உண்டு. ‘இன்ஃப்ரா ஹாஸ்பிட்டியம்’ என்பார்கள். 1584-இல் தீர்ப்பான கேலி வழக்கு வரை அதன் வேர் போகிறது. உச்ச நீதிமன்றம் அதை அந்தக் கடுமையோடு இங்கே நடவில்லை. பொருள் ஹோட்டல் வசம் ஒப்படைக்கப்பட்டது என்று நிரூபணமானால், தன் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று காட்டும் சுமை ஹோட்டலுடையது என்றது. தன்னுடைய அல்லது தன் ஊழியரின் கவனக்குறைவுக்கான பொறுப்பை ‘உரிமையாளரின் பொறுப்பில்’ என்ற அச்சிட்ட வரியைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது என்றும் சொன்னது.

ஆக, பலகை விவகாரத்தில் பாதி தெளிந்தது. மீதிப் பாதி உண்மைகளைப் பொறுத்தது. அந்த வழக்கில் கைமாறியது காரும் அதன் சாவியும். இங்கே கைமாறியது அறைச் சாவி. பை அறைக்குள் இருந்தது. அறைச் சாவியைக் கவுன்டரில் வைத்தால் அறையிலுள்ள பொருள்களும் ஒப்படைக்கப்பட்டதாகுமா? இதை ஆய்வறிக்கையில் கேள்வியாகவே எழுதச் சொன்னேன். கிடைத்த தீர்ப்பை நம் கதைக்கு இழுத்துப் பொருத்துவது வழக்கறிஞருக்கு வாதமாக இருக்கலாம்; ஆய்வாளர் வேற்றுமையையும் எழுத வேண்டும்.

ஒரு நல்ல தீர்ப்பு கைக்கு வந்தபின் சொல் தேடலை நிறுத்திவிடலாம் என்பது என் திடமான எண்ணம். அங்கிருந்து இரண்டு பக்கமும் நடக்க வேண்டும். இந்தத் தீர்ப்பு எவற்றை மேற்கோள் காட்டுகிறது என்பது பின்னோக்கிய நடை. இதை எவை மேற்கோள் காட்டுகின்றன என்பது முன்னோக்கிய நடை. இந்தியன் கானூனில் ஒவ்வொரு தீர்ப்பின் மேலேயும் இரண்டு பட்டியல்களுக்கும் இணைப்பு இருக்கிறது. பழைய வழக்குகளுக்கு ஒப்பந்தச் சட்ட உரைநூல்களும் கைகொடுத்தன. 151-ஆம் பிரிவின் கீழ் விடுதிக்காரர்கள் பற்றிய பத்தியில் 1922-ஆம் ஆண்டின் அலகாபாத் தீர்ப்பு ஒன்று, ஜான் அண்ட் சன் எதிர் கேமரன், சுட்டப்பட்டிருந்தது. விடுதிக்காரரின் பொறுப்பை ஆங்கிலக் கோட்பாட்டால் அளக்காமல் ஒப்பந்தச் சட்டப் பிரிவுகளால் அளந்த தீர்ப்பு. நூறாண்டுக் கோடு ஒன்று மாணவியின் தாளில் தெரிய ஆரம்பித்தது.

தீர்ப்பின் அதிகாரபூர்வப் பிரதிக்கு உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளத்துக்குப் போனோம். 2023 ஜனவரியில் வந்தது. சுப்ரீம் கோர்ட் ரிப்போர்ட்ஸ் தொகுதிகள் அங்கே இலவசம். சில தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. புரிந்துகொள்ள அதைப் படிக்கலாம். மேற்கோள் காட்டுவது ஆங்கில மூலத்திலிருந்துதான் இருக்க வேண்டும். எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா இரண்டும் சந்தாத் தளங்கள். சட்டக் கல்லூரி நூலகம், நீதிமன்ற நூலகம் போன்ற இடங்களில் அனுமதி கிடைத்தால் அவற்றின் தலைக்குறிப்புகள் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அவை இல்லாததால் வேலை நின்றுபோகவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். சந்தா இல்லை என்பதற்காகவே சட்ட அத்தியாயத்தைக் கைவிடும் மாணவர்களைப் பார்க்கும்போது எனக்கு வலிக்கிறது.

இரண்டாம் கேள்விக்கு நங்கூரமான தீர்ப்பு விரைவிலேயே கிடைத்தது: அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் எதிர் ஆர்.என். கபூர், உச்ச நீதிமன்றம், 1959. டெல்லி இம்பீரியல் ஹோட்டலில் முடிதிருத்தும் தொழிலுக்காகக் கொடுக்கப்பட்ட அறைகள் பற்றியது. குடித்தனக்காரருக்குரிய குத்தகையா, விருந்தினருடையதுபோல் இடத்தைப் பயன்படுத்தும் வெறும் உரிமமா என்பதை ஒப்பந்தத்தின் தலைப்பைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, தரப்பினரின் உண்மையான நோக்கத்தைப் பார்க்க வேண்டும் என்ற கொள்கைக்கு இன்றும் இதைத்தான் சுட்டுகிறார்கள். மேற்கோள் காட்டிய பிற்காலத் தீர்ப்புகள் ஏராளம். அவற்றில் சென்னை உயர் நீதிமன்றத்தை மட்டும் வடிகட்டி, விடுதி அல்லது மேன்ஷன் வருபவற்றை மட்டும் பிரித்து வைத்தார்.

மூன்றாம் கேள்வியில் அதிகம் தங்கவில்லை. அச்சிட்ட விலைக்கு மேல் தண்ணீர் பாட்டில் விற்பது பற்றி ஹோட்டல் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பர் 12-இல் கொடுத்த தீர்ப்பும், சேவைக் கட்டணம் பற்றிய டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பும் போதும் என்று முடிவு செய்தோம். இரண்டையும் வணிகச் செய்திகளில் தேதியோடு பிடித்து, பிறகு தீர்ப்பைத் தேடி எடுத்தோம். அண்மை நிகழ்வுகளுக்கு அந்த வரிசைதான் வேகமானது.

செத்த சட்டம், உயிருள்ள சட்டம்

மாணவர்களின் அறிக்கைகளில் நான் அதிகம் காணும் கோளாறு பழைய சட்டத்தை நிகழ்காலத்தில் எழுதுவது. இந்தத் துறையில் அண்மைக் காலத்தில் தரை பலமுறை நகர்ந்துவிட்டது. அதனால் கிடைத்த ஒவ்வொரு ஆதாரத்துக்கும் பக்கத்தில் ‘இன்று?’ என்று ஒரு கட்டம் போட வைத்தேன்.

அந்தக் கட்டம் நிரம்பிய விதம் இது. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் 2019-ஆம் ஆண்டின் சட்டம் 2020 ஜூலை 20 முதல் வந்துவிட்டது; தாஜ் வழக்கு நடந்ததோ பழைய சட்டத்தின் கீழ். வாடகை பற்றிய பழைய சென்னைத் தீர்ப்புகள் 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் பேசுகின்றன. 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அதன் இடத்தைப் பிடித்தது. நாள் வாடகை ஆயிரம் ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று ஒரு கட்டுரை சொன்னது. அந்த விலக்கு 2022 ஜூலை 18-இல் போய் 12 விழுக்காடு வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு, உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) இல்லாமல், 5 விழுக்காடு. காந்தி ரோட்டு லாட்ஜ்களுக்கு இந்த வரி மிகவும் முக்கியம், ஏனென்றால் அங்கே பெரும்பாலான அறைகள் அந்தப் பழைய ஆயிரம் ரூபாய்க் கோட்டின் ஓரத்தில்தான் இருக்கின்றன.

சேவைக் கட்டணமும் அப்படித்தான். பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது; அதே மாதம் 20-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது; 2025 மார்ச் 28-இல் அதே நீதிமன்றம் வழிகாட்டுதல் செல்லும் என்றது; அதன் மீது மேல்முறையீடும் போயிருக்கிறது. 2023-இல் எழுதப்பட்ட கட்டுரையில் அந்த நிறுத்திவைப்பு வரை மட்டுமே இருக்கும். அதைத் தப்பென்று சொல்ல முடியாது, ஆனால் அப்படியே எடுத்து எழுதவும் முடியாது.

வேலூருக்கு நேரடியாகப் பட்ட மாற்றம் இன்னொன்று. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையை லாட்ஜ்காரர்கள் ‘சி ஃபார்ம்’ என்பார்கள். 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்தையும் 1939-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தையும் நீக்கி, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. விடுதி நடத்துபவர்களோடு மருத்துவமனைகளுக்கும் தகவல் தரும் கடமையை அது வைக்கிறது. லாட்ஜையும் மருத்துவமனையையும் ஒரே அத்தியாயத்தில் எழுதும் மாணவிக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் கிடைக்காது. அவர் எடுத்துவந்த மூன்று பாடநூல்களிலும் 1946 சட்டமே இருந்தது.

ஆய்விதழ்ப் பக்கம்

சட்டத்தில் ஒரு பிரிவைப் பிடித்துக்கொண்டால் போதும். ஆய்விதழ்களில் அப்படி ஒரு கைப்பிடி கிடையாது. ஆய்வாளர்கள் அந்த விஷயத்தை என்ன பெயரில் அழைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். மாணவி முதலில் ‘மெடிக்கல் டூரிசம்’ என்று போட்டார். கட்டுரைகள் கொட்டின. ஆனால் அந்தப் பெயரில் எழுதுபவர்கள் பெரும்பாலும் எல்லை தாண்டி வரும் நோயாளிகளையும் பெருநகரக் கார்ப்பரேட் மருத்துவமனைகளையும் பேசுகிறார்கள். வேலூருக்கு வருபவர்களில் மிகப் பலர் இந்தியாவுக்குள்ளிருந்தே வருபவர்கள். அவர்கள் அந்தக் கட்டுரைகளில் இல்லை.

எப்ஸ்கோவின் ஹாஸ்பிட்டாலிட்டி அண்ட் டூரிசம் கம்ப்ளீட் இந்தத் துறைக்கென்றே உள்ள தரவுத்தளம். அதில் உடுக்குறி (*) போட்டால் ஒரு சொல்லின் எல்லா வடிவங்களும் வரும். ‘ஹோட்டல்’ என்பதோடு உடுக்குறி சேர்த்தால் ஹோட்டல்காரர், ஹோட்டல்கள் எல்லாம் சேர்ந்து வரும், அது நல்லது. ஆனால் ‘ஹாஸ்பிட்’ என்று வெட்டி உடுக்குறி போட்டால் மருத்துவமனையும் விருந்தோம்பலும் ஒன்றாக வந்து விழும். வேறு தலைப்புக்கு இது சிறு தொல்லை; மருத்துவமனை ஓரத்து லாட்ஜ்கள் என்ற தலைப்புக்கு இதுவே முழுத் தேடலையும் பாழாக்கும். அதனால் வெட்டாமல் முழுச் சொற்களாக எழுதி, இரண்டு சொற்களுக்கு இடையில் ‘என்’ என்ற எழுத்தையும் ஓர் எண்ணையும் போட்டோம். ‘என் 5’ என்றால் இரண்டு சொற்களும் ஐந்து சொல் தூரத்துக்குள் வர வேண்டும் என்று பொருள். ‘ஹாஸ்பிட்டல் என் 5 அக்காமொடேஷன்’ என்ற தேடல்தான் முதன்முதலாகப் பொருத்தமான கட்டுரைகளைக் கொண்டுவந்தது.

அவற்றைப் படித்துப் புதிய சொற்களை எடுத்தோம். அமெரிக்கக் கட்டுரைகளில் இந்த வகைத் தங்குமிடத்துக்கு ‘ஹாஸ்பிட்டாலிட்டி ஹவுஸ்’ என்று பெயர். 1974-இல் ஃபிலடெல்ஃபியாவில் முதலாவது திறக்கப்பட்ட ரொனால்ட் மெக்டொனால்ட் ஹவுஸ் பற்றிய ஆய்வுகள் நிறைய. ஐரோப்பியக் கட்டுரைகள் ‘பேஷன்ட் ஹோட்டல்’ என்கின்றன. ஒவ்வொரு சொல்லும் புதிய கதவு. அவற்றையெல்லாம் ஒரு குழுவாக அடைப்புக்குள் ‘ஆர்’ போட்டு இணைத்து, அதற்கு வெளியே ‘ஆண்ட்’ போட்டு இந்தியாவையோ துணைவரையோ சேர்த்தோம்.

இதற்குப் பிறகு வந்ததுதான் இந்தத் தேடலில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த இடம். இந்திய நோயாளி குடும்பங்கள் தங்குமிடத்துக்கு என்ன செலவு செய்கின்றன என்று ஹோட்டல் ஆய்விதழ்களில் தேடிக் களைத்தபோது, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட் பக்கம் போகச் சொன்னேன். சுகாதாரப் பொருளியலில் இதற்கு வேறு பெயர்: ‘நேரடி மருத்துவம் சாராச் செலவு’. பயணம், சாப்பாடு, துணைவர் தங்கும் செலவு எல்லாம் அந்தத் தலைப்பின் கீழ் வரும். அந்தப் பெயரைப் போட்டதும், புற்றுநோய், சிறுநீரகம், குழந்தை மருத்துவம் என்று துறை துறையாக இந்தியக் கட்டுரைகள் வந்தன. 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75-ஆம் சுற்றும் மருத்துவமனைச் செலவைக் கேட்கும்போது துணைவரின் தங்கும் செலவை மருத்துவம் சாராச் செலவில் சேர்த்தே கேட்டிருக்கிறது. அரசுத் தரவு, இலவசம். ஹோட்டல் மேலாண்மைத் துறைக்காரர்கள் இந்தக் கதவைத் தட்டுவதே இல்லை. லாட்ஜ் வாடகை நோயாளியின் பையிலிருந்து வருகிறது என்பதை எழுதியவர்கள் மருத்துவ ஆய்விதழ்களில்தான் இருக்கிறார்கள்.

ஊர்ப் பெயர்கள்

உள்ளூர் ஆதாரம் தேடுகிறவர்கள் ‘வேலூர்’ என்று மட்டும் போட்டால் பாதி விட்டுப்போகும். 1989-இல் வட ஆற்காடு மாவட்டம் பிரியும்வரை ஆவணங்களும் புள்ளிவிவரங்களும் வட ஆற்காடு என்ற பெயரிலேயே இருக்கின்றன. அதன்பின் சில ஆண்டுகள் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 2019 நவம்பர் 28-க்குப் பிறகு ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டை மாவட்டம், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வேலூர் மாவட்ட எண்ணை இன்றைய வேலூர் மாவட்டத்துக்குப் பொருத்தினால் மூன்று மாவட்டத்தை ஒன்றாக எண்ணியதாகிவிடும். தேடல் பெட்டியில் இந்த எல்லாப் பெயர்களையும் ஆங்கில எழுத்து வேறுபாடுகளோடு ‘ஆர்’ போட்டுச் சேர்க்க வேண்டும். சத்திரங்கள், வழிப்போக்கர் தங்குமிடங்கள் பற்றிய பழைய செய்திகளுக்கு 1881-இல் காக்ஸ் தொகுத்த வட ஆற்காடு மாவட்டக் கையேட்டைப் பார்க்கச் சொன்னேன். பழைய பதிப்பின் மின்பிரதி இணையத்தில் கிடைக்கிறது. அட்டவணையை நம்பாமல் சத்திரம் என்பதன் அன்றைய ஆங்கில வடிவமான ‘சவுல்ட்ரி’யை உரைக்குள் தேட வேண்டும்.

பூட்டிய கட்டுரைகள்

கட்டுரையின் சுருக்கம் தெரிகிறது, முழுக் கட்டுரைக்கு டாலரில் பணம் கேட்கிறது. இங்கேதான் மாணவர்கள் சோர்ந்துபோகிறார்கள். நாங்கள் போன வழிகள் இவை. அன்பேவால் என்ற சிறு செருகியை உலாவியில் சேர்த்தால், அதே கட்டுரையின் இலவசப் பிரதி எங்காவது சட்டப்படி இருந்தால் காட்டிவிடும். கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு முடிவின் கீழும் உள்ள ‘எல்லாப் பதிப்புகளும்’ இணைப்பில், ஆசிரியர் தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் போட்ட பிரதி பலமுறை கிடைக்கும். ஆய்விதழ்களின் மின்களஞ்சியமான ஜேஸ்டோரில் தனிக் கணக்கு தொடங்கினால் மாதம் நூறு கட்டுரைகள் வரை திரையில் படிக்கலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் விருந்தோம்பல் ஆய்வு மைய அறிக்கைகள் அதன் களஞ்சியத்தில் இலவசம்.

அரசுக் கல்லூரிகளிலும் அரசுப் பல்கலைக்கழகங்களிலும் படிப்பவர்களுக்கு இன்னொரு பெரிய வாய்ப்பு வந்திருக்கிறது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள். காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் இதை ஒருங்கிணைக்கிறது. முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியிலோ திருவள்ளுவர் பல்கலைக்கழகத்திலோ படிக்கிறீர்கள் என்றால் உங்கள் நூலகரிடம் போய் இதைக் கேளுங்கள்; கேட்காதவருக்கு யாரும் கொண்டுவந்து கொடுக்கப் போவதில்லை. தனியார் கல்லூரி மாணவர்களுக்கு, டெல்நெட் என்ற நூலகக் கூட்டமைப்பில் உறுப்பினராக உள்ள நூலகம் என்றால் வேறு நூலகத்திலிருந்து பிரதி வரவழைக்கலாம். எதுவும் நடக்காவிட்டால் ஆசிரியருக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதலாம். மாணவி எழுதிய கடிதத்தில் கட்டுரையின் எந்தப் பகுதி தனக்கு ஏன் வேண்டும் என்று இரண்டு வரி சேர்க்கச் சொன்னேன். அப்படி எழுதியதற்குக் கட்டுரையோடு அதன் தொடர்ச்சியான இன்னொரு கட்டுரையும் வந்தது.

ஷோத்கங்காவில் இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகள் முழுமையாக இருக்கின்றன. அவற்றின் துணைநூற்பட்டியலை வழிகாட்டியாகப் பயன்படுத்தலாம். முடிவுகளை எடுக்கும்போது மூலத்துக்குப் போய்ச் சரிபார்க்க வேண்டும். ‘விருந்தோம்பல்’ என்ற பெயரைத் தாங்கிப் பணம் வாங்கி அச்சிடும் போலி ஆய்விதழ்கள் ஏராளம். ஏற்கத்தக்க ஆய்விதழ்களுக்கான தன் கேர் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு கைவிட்டபின், சல்லடையை நாமே பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் யார், அவர்களுடைய நிறுவனப் பக்கத்தில் இந்த இதழின் பெயர் இருக்கிறதா, இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஆய்விதழ்களுக்கான டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில் உண்டா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். 1982 முதல் வரும் இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் ஹாஸ்பிட்டாலிட்டி மேனேஜ்மென்ட்டின் பெயரோடு ஒரு சொல் மட்டும் மாறி வரும் இதழைப் பார்த்தால் அங்கேயே நின்று சோதிக்க வேண்டும்.

ஏடு

தேடிய ஒவ்வொன்றையும் ஒரு நீள நோட்டில் எழுதினோம்: தேதி, தரவுத்தளம், தட்டச்சு செய்த சொற்கள் அப்படியே, வடிகட்டி, எத்தனை வந்தன, எவை வைத்துக்கொள்ளப்பட்டன, மற்றவை ஏன் தள்ளப்பட்டன. கடைசிக் கட்டம்தான் அதிகம் பயன்பட்டது. வழிகாட்டிப் பேராசிரியர் ‘இந்தக் கட்டுரையை ஏன் சேர்க்கவில்லை?’ என்று கேட்டபோது, ‘அது எல்லை தாண்டி வரும் நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டது, சார்’ என்று நோட்டைப் பார்த்து உடனே சொல்ல முடிந்தது. நூல்விவரங்களை ஸோட்டெரோ என்ற மேற்கோள் மென்பொருளில் சேர்த்தோம். தீர்ப்புகளுக்கு மட்டும் அது தானாக எடுக்கும் விவரத்தை நம்பவில்லை. வழக்கின் பெயர், நீதிமன்றம், தேதி, தொகுதி எண் நான்கையும் கையால் நிரப்பினார். இணைய முகவரியை மட்டும் கொடுத்துத் தீர்ப்பை மேற்கோள் காட்டுவதை நான் ஏற்பதில்லை. முகவரி நாளை மாறும்; பெயரும் தேதியும் மாறாது.

அறிக்கை அச்சுக்குப் போகும் முன்பு ‘இன்று?’ கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழ்வரை மறுபடி ஓட்டினோம். தாஜ் தீர்ப்பை மேற்கோள் காட்டிய புதிய வழக்குகள், சேவைக் கட்டண மேல்முறையீட்டின் நிலை, ஜி.எஸ்.டி. அறிவிக்கை ஆகியவற்றை அவர் பார்த்துக் கையெழுத்திட்டுத் தேதி போட்டார். அறைச் சாவிக் கேள்விக்கு நேரடியான தீர்ப்பு எங்கள் தேடலில் அகப்படவில்லை. அதனால் அந்த அத்தியாயத்தின் இரண்டாம் பாதிக்காக, சாவியைக் கவுன்டரில் வாங்கும்போது எதையாவது எழுதி வைக்கிறார்களா, அறைக்குள் பூட்டும் பெட்டி தருகிறார்களா என்று கேட்கும் வினாத்தாளோடு பாபு ராவ் தெரு லாட்ஜ்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். வினாத்தாளின் வங்காள வடிவத்தை, அங்கே சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒருவர் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறார்.